மகனைப் போரில் இழந்தவர் வாசலில் வந்து அமர்ந்தால்: ஆட்சித் தலைவரின் அலுவலகத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2005 ஆகஸ்ட் 6, சனிக்கிழமை. டெக்சாஸ் மாநிலத்துக் கிராஃபோர்டில், அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் ஐந்து வார விடுமுறைக்காகத் தம் பண்ணை வீட்டில் இருந்தார். பண்ணைக்குப் போகும் சாலையோரப் பள்ளத்தில் சிண்டி ஷீஹன் என்ற தாய் வந்து அமர்ந்தார். அவர் மகன் கேசி, 24 வயது, ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். 2004 ஏப்ரல் 4 அன்று பாக்தாதின் சத்ர் நகரில் கொல்லப்பட்டவர். மூன்று நாள் முன்பு ஈராக்கில் ஒரே குண்டுவெடிப்பில் 14 மரீன் வீரர்கள் இறந்திருந்தார்கள். அன்று பேசிய புஷ், இறந்தவர்கள் உன்னத நோக்கத்துக்காக உயிர் தந்தார்கள் என்றார். அது எந்த நோக்கம் என்று அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்பதுதான் ஷீஹனின் கோரிக்கை.

அன்றே தேசிய பாதுகாப்பு ஆலோசகர் ஸ்டீபன் ஹாட்லியும் வெள்ளை மாளிகைத் துணைத் தலைமை அலுவலர் ஜோ ஹேகினும் சாலைக்கு வந்து ஏறத்தாழ 45 நிமிடம் அவரோடு பேசினார்கள். அதிபர் வரவில்லை. முகாம் 26 நாள் நீடித்தது. ஆகஸ்ட் 17 இரவு நாடு முழுவதும் 1,600-க்கும் மேற்பட்ட இடங்களில் மெழுகுவத்தி ஏந்தி மக்கள் நின்றார்கள். சாலையோரத்தில் உட்கார்ந்த ஒருவரின் கேள்வி ஒரு இயக்கத்தின் முகமாக மாறியது.

போர் சரியா தவறா என்ற வாதம் இந்த வழிகாட்டிக்கு வெளியே. போர் நியாயம் என்று மனதார நம்பும் தலைவருக்கும் இதே படிகள்தான். அலுவலகங்கள் வழுக்கி விழும் இடம் ஒன்றே ஒன்று: கொள்கை பற்றிய விவாதத்தையும் துக்கம் விசாரிப்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது. முதலாவதில் தலைவர் வெல்லலாம், தோற்கலாம். இரண்டாவதில் வெல்ல எதுவுமில்லை, போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: யாரும் வருவதற்கு முன்பே கோப்பைச் சரிசெய்யுங்கள்

வாசலுக்கு வரும் பெற்றோரில் பலர் அரசிடம் ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டவர்கள். ஷீஹன் 2004 ஜூனில் மற்ற குடும்பங்களோடு சேர்ந்து புஷ்ஷைச் சந்தித்தவர்தான். தம் மகனின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, தம்மை 'அம்மா' என்று பொதுவாக அழைத்தார் என்று பின்னாளில் குறைபட்டார். அந்த அறையில் என்ன நடந்தது என்பதைப் பற்றி இரு தரப்புக்கும் இரு நினைவுகள் இருக்கலாம். பெயர் தெரியாமல் போனது மட்டும் எந்த விளக்கத்துக்கும் அடங்காது.

இறந்த ஒவ்வொரு வீரருக்கும் ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். பெயர், அதை உச்சரிக்கும் விதம், வீட்டில் கூப்பிடும் பெயர். இறந்த நாள், இடம், படைப்பிரிவு. பெற்றோர் சேர்ந்து வாழ்கிறார்களா, பிரிந்தவர்களா. கடைசியாக, பலரும் விட்டுவிடும் வரி: சாவு எப்படி நடந்தது என்று குடும்பத்துக்கு முதலில் என்ன சொன்னோம், பிறகு அது மாறியதா. அமெரிக்க வீரர் பாட் டில்மன் 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில் சொந்தப் படையினரின் குண்டுக்குத்தான் பலியானார். எதிரியோடு போரிட்டு இறந்தார் என்றே குடும்பத்துக்குச் சொன்னார்கள். உண்மை வெளியில் வர வாரக்கணக்கானது. இப்படி ஒரு மாற்றம் இருப்பது தெரியாமல் தலைவர் அறைக்குள் நுழைந்தால், அவர் பேசும் முதல் ஆறுதல் வாக்கியமே பொய்யாகிவிடும்.

இரங்கல் கடிதமும் இந்தக் கோப்பில் சேரும். 2004 டிசம்பரில், அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டின் இரங்கல் கடிதங்களில் இயந்திரம் கையெழுத்திட்டது வெளிவந்தது. இனி தாமே கையெழுத்திடுவதாக அவர் சொல்ல வேண்டியதாயிற்று. கையால் எழுதினாலும் ஆபத்து உண்டு. 2009 நவம்பரில் பிரிட்டன் பிரதமர் கோர்டன் பிரவுன் ஒரு தாய்க்குத் தம் கைப்பட எழுதிய கடிதத்தில் குடும்பப் பெயரையே பிழையாக எழுதிவிட்டார். கண்பார்வைக் குறைபாடு உள்ளவர், நல்ல மனத்தோடுதான் எழுதினார். ஆனாலும் தாயின் கண் போய் நின்றது அந்த ஓர் எழுத்தில். தலைவர் எழுதியதை இன்னொருவர் பெயருக்காக மட்டும் ஒருமுறை படிக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

படி 2: என்ன கேட்கிறார் என்று காது கொடுங்கள்

முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஒரு மூத்த அலுவலர் நேரில் போய், பெற்றோர் சொல்வதை அவர்களுடைய சொற்களிலேயே எழுதிக்கொண்டு வர வேண்டும். சுருக்கக் கூடாது, மொழிபெயர்க்கக் கூடாது. கோரிக்கை மூன்று வகையில் ஒன்றாகவோ கலந்தோ இருக்கும். எப்படி இறந்தான் என்ற தகவல். எதற்காக இறந்தான் என்ற விளக்கம். மற்றவர் பிள்ளைகளையாவது திருப்பி அழையுங்கள் என்ற கொள்கை மாற்றம்.

முதலாவதை ராணுவத்தால் தீர்க்க முடியும், பெரும்பாலும் ஒரே வாரத்தில். மூன்றாவதை ஒரு சந்திப்பில் யாராலும் தீர்க்க முடியாது, பெற்றோருக்கும் அது தெரியும். இரண்டாவதுக்குத்தான் தலைவர் தேவை. படைக்கு உத்தரவிட்டவரைத் தவிர வேறு யார் சொன்னாலும் அது பதிலாகாது. ஹாட்லி அறிவாளி, பதவியில் பெரியவர். இருந்தும் அவர் வந்தது பயன்படாமல் போனதன் காரணம் இதுதான்.

மூத்த அலுவலரை அனுப்புவது தவறில்லை. அவர் என்ன சொல்லிவிட்டு வருகிறார் என்பதுதான் வேறுபாடு. 'தலைவர் நாளை காலை பத்து மணிக்கு உங்களைச் சந்திக்கிறார், யார் யார் வருகிறீர்கள், எதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா' என்று கேட்கப் போனவர் தூதர். விளக்கம் சொல்லப் போனவர் தடுப்புச் சுவர்.

படி 3: 24 மணி நேரத்தில் முடிவு

ஆலோசனை அறையில் இரண்டு ஆட்சேபங்கள் எழும். ஒன்று, 'ஏற்கெனவே ஒருமுறை பார்த்தாயிற்று.' பார்த்தபோது ஷீஹன் இரண்டு மாதத் துக்கத்தில் இருந்தார், இப்போது கேள்வியோடு வருகிறார். அது அவரே ஆனாலும் வேறு சந்திப்பு. இரண்டாவது, 'இவரைப் பார்த்தால் நாளை எல்லோரும் வருவார்கள்.' இது நியாயமான கவலை, அதைக் கேலி செய்யத் தேவையில்லை. தீர்வு ஒரு விதி: வீட்டில் சாவு விழுந்த பெற்றோர், துணை, பிள்ளை ஆகியோர் எழுத்தில் கேட்டால் ஒரு சந்திப்பு உண்டு, மாதத்தில் ஒரு நாள் அதற்கென்று ஒதுக்கப்படும். எல்லோரும் வந்தால் வரட்டும். எண்ணிக்கை தாங்க முடியாத அளவுக்குப் பெருகினால், அந்தச் செய்தியும் தலைவருக்குத் தெரிய வேண்டிய செய்திதான்.

சந்திக்கக் கூடாத சூழலும் உண்டு. மரண விசாரணை நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தால் உண்மைகளைப் பற்றித் தலைவர் பேச முடியாது. அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பேச முடிந்ததை மட்டும் பேசலாம். கொலை மிரட்டல் போன்ற உறுதியான ஆபத்து இருந்தால் இடத்தை மாற்றலாம். 'அவர் பின்னால் அரசியல் கட்சி இருக்கிறது' என்பது காரணமே அல்ல. இருக்கட்டுமே. மகன் செத்தது உண்மை.

தாமதத்தின் விலை நாளுக்கு நாள் ஏறும். ஆகஸ்ட் 12 அன்று, பக்கத்துப் பண்ணையில் கட்சிக்கு நிதி திரட்டும் கூட்டத்துக்குப் புஷ்ஷின் கறுப்புக் கார்கள் அந்த முகாமைத் தாண்டிப் போயின. நன்கொடை தருபவர்களுக்கு நேரம் இருக்கிறது, எனக்கு ஏன் இல்லை என்று கேட்கும் அட்டையை ஷீஹன் ஏந்தி நின்றார். கார் நிற்கவில்லை. மறுநாள் அதிபர், சொல்ல ஏதேனும் இருப்பவர்களிடம் அக்கறையோடு நடந்துகொள்வது முக்கியம், அதேபோல் தம் வாழ்க்கையைச் சமநிலையோடு தொடர்வதும் முக்கியம் என்ற பொருளில் நிருபர்களிடம் பேசினார். தனியாக எடுத்துப் பார்த்தால் எந்த மருத்துவரும் சொல்லக்கூடிய வாக்கியம். பிள்ளையைப் புதைத்தவர் சாலையில் உட்கார்ந்திருக்க, தாம் சைக்கிள் ஓட்டப் போகும் நாளில் சொல்லும் வாக்கியமல்ல. தலைவரின் அன்றாட நிகழ்ச்சி நிரலை அன்றைக்கே எடுத்து, முகாம் வழியாகப் போகும் ஒவ்வொரு பயணத்தையும் மாற்றுங்கள், அல்லது நிறுத்தி இறங்குங்கள். மூன்றாவது வழி கிடையாது.

படி 4: அறை

சிறிய அறை. மேசை வேண்டாம், ஒரே உயர நாற்காலிகள். தலைவரின் பக்கம் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது: தலைவர், குறிப்பெடுக்கும் ஒருவர். பெற்றோர் தரப்பில் அவர்கள் விரும்பும் அளவு, நான்கைந்து பேர் வரை. தண்ணீர், கைக்குட்டைக் காகிதம், அருகிலேயே கழிவறை. நேரம் ஒரு மணி என்று சொல்லுங்கள், நிகழ்ச்சி நிரலில் இரண்டு மணி ஒதுக்குங்கள். இருபதாவது நிமிடத்தில் கதவைத் திறந்து காதில் கிசுகிசுக்கும் உதவியாளரை அன்று விடுமுறையில் அனுப்பிவிடுங்கள்.

கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது. 2021 ஆகஸ்ட் 29 அன்று, காபூல் விமான நிலையத் தாக்குதலில் இறந்த 13 வீரர்களின் உடல்கள் டோவர் தளத்துக்கு வந்தபோது ஜோ பைடன் கடிகாரத்தைப் பார்த்தார் என்று சில குடும்பங்கள் கொதித்தன. தம் மகன் போவின் சாவைப் பற்றியே அவர் பேசினார் என்ற குறையும் வந்தது. தம் துக்கத்தைச் சொன்னால் நெருக்கம் வரும் என்று தலைவர்கள் நம்புகிறார்கள். கேட்கிறவருக்கு அது தம் பிள்ளையின் இடத்தில் இன்னொரு பிள்ளையை உட்கார வைத்தது போல.

பாதுகாப்புச் சோதனை வீட்டு வாசலிலேயே முடியட்டும். மகனின் படத்தை, செருப்பை, சட்டையை எடுத்து வருவார்கள். அதைப் பிளாஸ்டிக் தட்டில் போட்டு எக்ஸ்ரேக்குள் தள்ளுவது கண்டிப்பாகச் சண்டையில் முடியும். கையால் வாங்கிப் பார்த்து, கையாலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேமரா, புகைப்படக்காரர் கூடாது. அதே நேரத்தில், பேசுவது பதிவாகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரவுன் அந்தத் தாயிடம் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்த உரையாடலைத் தாய் பதிவுசெய்தார். அது ஒரு நாளேட்டில் வெளியானது. அது தவறென்று வாதிட நேரம் போக்காதீர்கள். வெளியானால் வெட்கப்படும்படி எதுவும் சொல்லாமலிருப்பதே வழி. தொலைபேசி, சந்திப்புக்கு ஈடாகாது என்பதற்கும் அதுவே சான்று. எதிரில் இருப்பவர் அழுவது தெரியாமல் இடைமறித்துப் பேசத் தோன்றும்.

படி 5: பேச்சு

நம் ஊர்களில் துக்கம் விசாரிக்கப் போனவர் முதலில் வாயைத் திறப்பதில்லை. உட்கார்கிறார். வீட்டார் பேசத் தொடங்கும்வரை அந்த மௌனத்தைத் தாங்குகிறார். கிளம்பும்போது 'வருகிறேன்' என்று சொல்வதுமில்லை. நாடு எதுவானாலும் தலைவர்களுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல ஒழுங்கு கிடைக்காது. முதல் இருபது நிமிடம் பெற்றோருடையது.

தலைவர் பேச வேண்டிய முதல் வாக்கியத்தில் மகன் பெயர் இருக்க வேண்டும், கேள்வியாக இருக்க வேண்டும். 'கேசியைப் பற்றிச் சொல்லுங்கள்.' அடுத்து, தம் பொறுப்பை 'நான்' என்றே சொல்ல வேண்டும்: 'அனுப்பியது நான். அந்த முடிவு என்னுடையது.' 'நாடு எடுத்த முடிவு', 'சூழ்நிலையின் கட்டாயம்' என்றெல்லாம் எழுவாயை ஒளிக்கும் வாக்கியங்களைக் குறிப்பிலிருந்து அடித்துவிடுங்கள்.

தவிர்க்க வேண்டியவை சில. 'என்ன நடக்கும் என்று தெரிந்துதானே சேர்ந்தான்' என்பது மிகக் கொடியது. 2017 அக்டோபரில் நைஜரில் இறந்த வீரரின் மனைவியிடம் டொனால்ட் டிரம்ப் தொலைபேசியில் இதுபோலச் சொன்னதாக எழுந்த குற்றச்சாட்டும், அவர் மறுத்ததும், பல நாள் தலைப்புச் செய்தி. 'உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது' வேண்டாம். 'அவன் இருந்திருந்தால் இதை ஏற்றிருக்க மாட்டான்' என்று மகன் வாயில் சொல் வைக்கவே கூடாது. தாயை 'வீரத்தாய்' ஆக்க முயல்வதும் ஆபத்தானது. அந்தப் பட்டத்தை மறுக்கத்தான் அவர் இங்கே வந்திருக்கிறார்.

இனி கடினமான இடம்: 'எதற்காகச் செத்தான்?' இதற்குத் தலைவர் தாம் உண்மையாக நம்பும் காரணத்தை மூன்று நான்கு வாக்கியத்தில், மேடைச் சொற்கள் இல்லாமல் சொல்ல வேண்டும். சொன்ன காரணம் பிறகு பொய்த்துப்போயிருந்தால் அதையும் தாமே முதலில் சொல்லிவிட வேண்டும். போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதக் கையிருப்பு ஈராக்கில் இல்லை என்பதை அமெரிக்க அரசே அமைத்த ஆய்வுக் குழு 2004 இலையுதிர் காலத்தில் தெரிவித்துவிட்டது. 2005-இல் ஒரு தாய் 'எந்த நோக்கம்' என்று கேட்டபோது அந்த ஓட்டை எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. அதைச் சுற்றி வளைத்துப் பேசுவதுதான் அவரை அவமதிப்பது.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. 2005 ஆகஸ்ட் 22 அன்று சால்ட் லேக் சிட்டியில் முன்னாள் படைவீரர்களிடையே பேசிய புஷ், ஈராக்கில் 1,864 பேரும் ஆப்கானிஸ்தானில் 223 பேரும் இறந்ததை எண்ணோடு சொன்னார். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம், அவர்கள் உயிர் தந்த பணியை முடிப்போம் என்றார். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னது நேர்மை. ஆனால் இறந்தவரைக் காட்டி இன்னும் பலரை அனுப்புவதையே ஷீஹன் எதிர்த்தார், என் மகன் பெயரைச் சொல்லி இன்னொரு தாயின் மகனைக் கொல்லாதீர்கள் என்பதே அவர் வாதம். பதில் சொல்ல நினைத்துக் குற்றச்சாட்டையே திருப்பிச் சொன்னதாக ஆயிற்று. போரைத் தொடரத் தலைவருக்கு வேறு காரணம் இருந்தால் அதைச் சொல்லட்டும். ஏற்கெனவே செத்தவர்களை அதற்கு ஈடு வைக்கக் கூடாது.

திட்டுவார்கள். 'கொலைகாரன்' என்பார்கள். இதற்குப் பதில் இல்லை, தேவையும் இல்லை. 2009 அக்டோபரில், ஈராக்கில் இறந்தவர்களுக்கான நினைவு வழிபாட்டுக்குப் பிறகு லண்டனில் முன்னாள் பிரதமர் டோனி பிளேர் நீட்டிய கையை ஒரு தந்தை பற்ற மறுத்தார், அதில் ரத்தம் இருக்கிறது என்றார். அப்படி நேர்ந்தால் கையைத் தாழ்த்தி, தலை தாழ்த்தி, அங்கேயே நிற்க வேண்டும். மெய்க்காவலர் நடுவில் வரக் கூடாது. 2000 ஆகஸ்டில் 118 பேரோடு கூர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியபோது, ரஷ்யத் துணைப் பிரதமரை நோக்கிக் கத்திய ஒரு தாய்க்குப் பின்னாலிருந்து மயக்க ஊசி போடப்பட்டது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் யார் என்ன விளக்கினார்கள் என்று இன்று யாருக்கும் நினைவில்லை, ஊசி நினைவிருக்கிறது.

படி 6: சாலையோர முகாம்

தண்ணீர், நிழல், கழிவறை, ஆம்புலன்ஸ். டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில் இவை அரசியல் சலுகை அல்ல. போக்குவரத்து விதி இருந்தால் எழுத்தில் கொடுங்கள், எல்லாத் தரப்புக்கும் ஒன்றாக. போரில் இறந்தவர்கள் பெயரில் ஷீஹனின் முகாமில் நட்டிருந்த சிலுவைகளின் மேல் ஆகஸ்ட் 15 இரவு ஒருவர் பிக்கப் வண்டியை ஏற்றினார். அப்படி ஏதாவது நடந்தால் அதே இரவில் தலைவர் பெயரில் கண்டனம் போக வேண்டும். அவை அவருடைய சொந்தப் படைவீரர்களின் பெயர்கள்.

காவலர்களுக்கு எது குற்றம், எது இல்லை என்று முன்பே சொல்லிவையுங்கள். 2006 ஜனவரி 31 அன்று அதிபர் உரையைக் கேட்க அழைப்போடு வந்த ஷீஹனை, இறந்தோர் எண்ணிக்கை எழுதிய சட்டைக்காக நாடாளுமன்றக் காவலர்கள் கைது செய்தார்கள். வழக்கு கைவிடப்பட்டு, காவல் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அன்றைய உரையோடு சட்டையும் செய்தியானது.

படி 7: சொந்த ஆட்களை அடக்குங்கள்

பெற்றோரின் கடந்த காலத்தைத் தோண்டுவது எதிர்க்கட்சியால் தொடங்குவதில்லை, உங்கள் ஆதரவாளர்களால் தொடங்கும். முதல் நாளே கட்சிக்குள் எழுத்தில் உத்தரவு போகட்டும்: அவரது மணவாழ்க்கை, மனநலம், பேச்சு, நண்பர்கள் பற்றி யாரும் எதுவும் சொல்லக் கூடாது. அவர் அளவு மீறிப் பேசினாலும் சரி. ஈராக்கில் மகனை இழந்த கிஸ்ர் கான் 2016-இல் மேடையில் தம்மை விமர்சித்தபோது டிரம்ப், பக்கத்தில் மௌனமாக நின்ற தாயைப் பற்றிக் கருத்துச் சொன்னார். சொந்தக் கட்சித் தலைவர்களே விலகிப் பேசும் நிலை வந்தது.

இதன் மறைமுக வடிவம், போரை ஆதரிக்கும் இன்னொரு குடும்பத்தைத் தேடிப் பிடித்து மேடையேற்றுவது. 2005 ஆகஸ்ட் 24 அன்று ஐடஹோவில் புஷ், பிள்ளைகள் பலர் படையில் பணிபுரியும் ஒரு தாயைப் புகழ்ந்தார். அந்தத் தாயின் பெருமிதம் உண்மையானது. ஆனால் ஒரு தாயை இன்னொரு தாய்க்கு எதிர்வாதமாக நிறுத்தினால் இருவருமே கருவியாகிறார்கள். தேர்ந்தெடுத்த தாய்மார்களோடு மட்டும் தேநீர் அருந்துவதும் இந்த வகைதான். 2022 நவம்பர் 25 அன்று விளாதிமிர் புதின் வீரர்களின் தாய்மார்களைச் சந்தித்தபோது, கேள்வி கேட்ட அமைப்பினர் அழைக்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டே முன்னால் நின்றது.

படி 8: கொடுத்த வாக்கு

சந்திப்பில் வாக்குக் கொடுக்காமல் வருவது தவறல்ல. கொடுத்துவிட்டு மறப்பதுதான் கொடுமை. இலங்கையின் கிளிநொச்சியில், போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரி 20 முதல் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் அதிபர் மைத்திரிபால சிறிசேன யாழ்ப்பாணத்தில் அவர்களைச் சந்தித்தார். போர் முடிவில் சரணடைந்தவர்களின் பட்டியலை வெளியிடச் செய்வதாகச் சொன்னார். பட்டியல் வரவில்லை. ஒரு தலைவர் நேரில் வந்து உட்கார்ந்தார் என்பதே அதன்பின் ஆறாத புண்ணாகிப் போனது. கையில் இல்லாததை அறையின் அழுகையைத் தாங்க முடியாமல் கொடுத்துவிடுவது பெரும்பாலும் நல்ல மனிதர்கள் செய்யும் தவறு. அதனால்தான் குறிப்பெடுப்பவர் உடனிருக்க வேண்டும். ஒவ்வொரு வாக்குக்கும் எதிரே ஒரு பெயர், ஒரு தேதி. 48 மணி நேரத்துக்குள் அந்தப் பட்டியல் பெற்றோருக்குக் கடிதமாகப் போக வேண்டும்.

செய்ய முடிந்த சிறியதைச் செய்துவிடுங்கள். போர்முனையில் தற்கொலை செய்துகொண்ட வீரர்களின் குடும்பங்களுக்கு அமெரிக்க அதிபரின் இரங்கல் கடிதம் போவதில்லை என்று நெடுங்காலம் வழக்கம் இருந்தது. இந்தியானாவைச் சேர்ந்த ஒரு பெற்றோர் அதை எதிர்த்துச் சுமார் இரண்டு ஆண்டு விடாமல் எழுதினார்கள். 2011 ஜூலையில் பராக் ஒபாமா அந்த வழக்கத்தை மாற்றினார்.

நாள் கடந்துவிட்டதா?

பத்தாம் நாள் ஆகியிருந்தால் சந்திப்பு இன்னும் சாத்தியம், ஆனால் அது இனித் தனிப்பட்டதாக இருக்காது. முகாமுக்கே நடந்து போகலாம், தாயிடம் முந்தைய நாளே கேட்டுவிட்டு. சொல்லாமல் போய் நிற்பது துணிச்சலாகத் தோன்றும், பெரும்பாலும் அசட்டுத்தனமாக முடியும். 1970 மே 9 விடியற்காலையில் ரிச்சர்ட் நிக்சன் திடீரென லிங்கன் நினைவிடத்துக்குப் போய்ப் போர் எதிர்ப்பு மாணவர்களிடையே நின்றார். மாணவர்களுக்கு நினைவில் தங்கியது அவர் கால்பந்து பற்றிப் பேசியது.

'இத்தனை நாள் வராதது என் தவறு' என்று தொடங்குங்கள், காரணம் சொல்லாதீர்கள். முகாமின் சொந்தச் சூழலையும் கவனியுங்கள். 2005 ஆகஸ்ட் 18 அன்று ஷீஹனின் தாய்க்குப் பக்கவாதம் வந்ததால் அவர் முகாமை விட்டுப் போனார், ஆறு நாளில் திரும்பி வந்தார். அப்படியொரு நாளில் 'போராட்டம் ஓய்ந்தது' என்று செய்தித் தொடர்பாளர் மூச்சு விடக் கூடாது. எந்த மருத்துவமனை, என்ன உதவி வேண்டும் என்று ஒரு தொலைபேசி போக வேண்டும், அது வெளியில் தெரியக் கூடாது.

நினைவு நாளையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். கடிதம் அந்த நாளில் சேரக் கூடாது, இரண்டு மூன்று நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். அன்றைக்கு அவர்கள் கல்லறைக்குப் போயிருப்பார்கள், திரும்பி வந்து அரசு முத்திரை குத்திய உறையைப் பிரிக்க யாருக்கும் மனம் இருக்காது.